172 டெஸ்ட், மூன்றே எதிரணிகள்: தென்னாப்பிரிக்க கிரிக்கெட்டின் இருபத்திரண்டு ஆண்டு இடைவெளி

தென்னாப்பிரிக்காவின் முதல் டெஸ்ட் 1889 மார்ச்சில் போர்ட் எலிசபெத்தின் செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் நடந்தது. இனஒதுக்கல் (அபார்த்தைட்) கொள்கைக்காக உலக அரங்கிலிருந்து ஒதுக்கப்படுவதற்கு முன் ஆடிய கடைசி டெஸ்ட், 1970 மார்ச்சில் அதே மைதானத்தில் முடிந்தது. இடையில் 81 ஆண்டுகள், 172 டெஸ்ட். எதிரே நின்றவை இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மட்டும்தான். மேற்கிந்தியத் தீவுகள் 1928இலும், இந்தியா 1932இலும், பாகிஸ்தான் 1952இலும் டெஸ்ட் ஆடத் தொடங்கிவிட்டன. அந்த மூன்று அணிகளுக்கும் தென்னாப்பிரிக்கா ஒரு பந்துகூட வீசியதில்லை.

இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் ஒதுக்கல் காலத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘மகத்தான ஒரு அணியை உலகம் பூட்டி வைத்துவிட்டது’ என்றுதான் ஆரம்பிக்கும். பூட்டு அதற்கு வெகுகாலம் முன்பே உள்பக்கம் போடப்பட்டிருந்தது.

அணி மகத்தானது என்பதில் சந்தேகமே இல்லை. 1970 தொடக்கத்தில் பில் லாரியின் ஆஸ்திரேலியா, இந்தியாவில் ஒரு நீண்ட தொடரை முடித்த களைப்போடு அங்கே போய் இறங்கியது. அலி பேக்கர் தலைமையிலான அணி 4–0 என்று துடைத்தெடுத்தது. வெற்றி வித்தியாசங்களைப் பாருங்கள்: கேப் டவுனில் 170 ரன், டர்பனில் ஓர் இன்னிங்ஸ் 129 ரன், ஜோகன்னஸ்பர்க்கில் 307 ரன், போர்ட் எலிசபெத்தில் 323 ரன். டர்பனில் கிரேம் பொல்லாக் 274. அதே இன்னிங்ஸில் பாரி ரிச்சர்ட்ஸ் 140. ரிச்சர்ட்ஸ் வாழ்நாளில் ஆடியது அந்த நான்கு டெஸ்ட்தான். 508 ரன், சராசரி 72.57. மைக் ப்ராக்டர் ஏழே டெஸ்டில் 41 விக்கெட், சராசரி 15.02. பொல்லாக் 23 டெஸ்டோடு நின்றார், சராசரி 60.97.

இவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு பிரிவிலிருந்து மட்டும் பொறுக்கிய அணி அது. மீதிப் பேர் கிரிக்கெட் ஆடவில்லையா என்றால், ஆடினார்கள்.

இன்னொரு கிரிக்கெட்

கிழக்குக் கேப் பகுதியில் லவ்டேல், ஹீல்ட்டவுன் போன்ற மிஷன் பள்ளிகள் வழியாகக் கறுப்பர்களிடையே 19ஆம் நூற்றாண்டிலேயே கிரிக்கெட் வேரூன்றிவிட்டது. 1894இல் இங்கிலாந்து போன அணியில் குரோம் ஹெண்ட்ரிக்ஸ் என்ற வேகப்பந்து வீச்சாளர் நிறத்தைக் காரணம் காட்டி விடப்பட்டார். இனஒதுக்கல் சட்டமாவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய சங்கதி இது. 1947இல் கறுப்பர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோரின் தனித்தனிச் சங்கங்களைச் சேர்த்து தென்னாப்பிரிக்க கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் உருவானது. சுருக்கமாக சாக்பாக். ஆரம்பத்தில் அவர்களும் இனவாரியாகத்தான் போட்டி நடத்தினார்கள். ஐம்பதுகளின் கடைசியில் தாங்களாகவே அந்தப் பிரிவினையைக் கைவிட்டார்கள். வெள்ளையர் சங்கம் அதை யோசிக்கக்கூட இல்லாத நேரம்.

அவர்களுக்கு வாய்த்த ஆடுகளம் மேட்டிங் விக்கெட். கெட்டித் தரையில் கயிற்றுப் பாயை இழுத்துக் கட்டி, ஓரங்களில் முளையடித்து ஆடுவது. நம் ஊர்ப் பள்ளி, கல்லூரி மைதானங்களில் ஆடியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: பந்து சீராக எழும்பும், இடுப்புக்கு மேல் வரும், பாய் தளர்ந்திருந்தால் சுழலும் அதிகம். பின்காலில் நின்று வெட்டவும் இழுக்கவும் பழகிவிடலாம். ஈரப் புல்தரையில் தாழ்ந்து, தாமதித்து வரும் பந்துக்கு அந்தப் பழக்கம் உதவாது. கேப் டவுனின் கிரீன் பாயின்ட் திடலில் ஒன்றையொட்டி ஒன்றாகப் பல ஆட்டங்கள் நடக்கும். ஒரு ஆட்டத்தின் ஃபீல்டர் அடுத்த ஆட்டத்தின் எல்லைக்குள் நிற்பார். பாயைத் தூக்கிவந்து விரிப்பதும் ஆட்டக்காரர்கள் வேலைதான்.

பாசில் டி ஒலிவெரா இந்தச் சூழலில் வளர்ந்தவர். 1956இல் கென்ய அணிக்கு எதிராகவும் 1958 கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்திலும் சாக்பாக் அணிக்குத் தலைவர். 1959இல் ஃபிராங்க் வொரல் ஒரு மேற்கிந்திய அணியோடு வந்து இவர்களோடு ஆடுவதாக இருந்தது. இனஒதுக்கலை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்ற எதிர்ப்பால் அது நின்றுபோனது. டி ஒலிவெரா போன்றவர்களுக்கு அது பேரிழப்பு. 1960இல் வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டின் முயற்சியால் இங்கிலாந்தின் சென்ட்ரல் லங்காஷயர் லீக் அணியான மிடில்டனில் ஒரு பருவத்துக்கு 450 பவுண்டு சம்பளத்தில் இடம் கிடைத்தது. விமானச் செலவுக்கு ஊர்க்காரர்கள் வசூல் செய்து கொடுத்தார்கள். போன புதிதில் ஆடவே வரவில்லை. காரணம் மேலே சொன்னதுதான்: பாய்க்குப் பழகிய கைக்குப் புல்தரை பிடிபட சில வாரங்கள் ஆகின. பிறகு ரன் குவித்தார். 1964இல் வூஸ்டர்ஷயர் கவுன்ட்டி அணி, 1966இல் இங்கிலாந்து டெஸ்ட் அணி.

சட்டம் எந்த இடத்தில் மறித்தது என்பதைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ‘வெள்ளையரும் மற்றவரும் சேர்ந்து விளையாடக் கூடாது’ என்று நேரடியாகச் சொல்லும் விளையாட்டுச் சட்டம் ஒன்று இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். தேவைப்படவே இல்லை. 1950இன் குடியிருப்புப் பகுதிச் சட்டம், யார் எந்த வட்டாரத்தில் இருக்கலாம் என்றது. 1953இன் தனி வசதிகள் சட்டம் கழிப்பறை, இருக்கை, உணவகம், பேருந்து எல்லாவற்றையும் பிரித்தது. மதுச் சட்டம், ஆட்டம் முடிந்து கிளப்பில் உட்கார்ந்து ஒன்றாக ஒரு பீர் குடிப்பதைக்கூடத் தடுத்தது. மைதானத்தின் நடுவில் இரு இனத்தாரும் நின்றுவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். உடை மாற்ற, சாப்பிட, வெளியூர் போக எங்கே இடம்? இதற்கு மேல் 1956இல் உள்துறை அமைச்சர் டோங்கஸ் அரசின் கொள்கையாகவே அறிவித்தார்: உள்ளூரில் தனித்தனியாக ஆட வேண்டும், வெளியிலிருந்து வரும் அணிகளும் இந்த வழக்கத்தை மதிக்க வேண்டும். பார்வையாளர்களும் தனியே அடைக்கப்பட்டார்கள். அந்தப் பகுதிகளில் உட்கார்ந்தவர்கள் எப்போதும் வந்த அணிக்குத்தான் கைதட்டினார்கள்.

கதவுகள் சாத்தப்பட்ட விதம்

1961இல் தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறியபோது, அன்று ‘இம்பீரியல்’ என்ற பெயரில் இருந்த ஐசிசியின் உறுப்புரிமையும் போய்விட்டது. ஆனாலும் பழைய மூன்று கூட்டாளிகள் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆடினார்கள். அவை டெஸ்ட் என்றே கணக்கில் ஏறின. எனவே ‘ஐசிசி ஒரே நாளில் தடை போட்டது’ என்ற சித்திரம் சரியில்லை. சுற்றுப்பயணங்கள் ஒவ்வொன்றாக, வெவ்வேறு காரணங்களால், வெவ்வேறு வாரியங்களின் கையில் செத்தன.

முதலாவது 1968. ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டி ஒலிவெரா 158 எடுத்தார். அடுத்த சில நாட்களில் அறிவிக்கப்பட்ட தென்னாப்பிரிக்கப் பயண அணியில் அவர் பெயர் இல்லை. கிரிக்கெட் காரணங்களுக்காகவே விட்டோம் என்றது இங்கிலாந்தின் பயணங்களை நடத்திய எம்சிசி கிளப், நம்பியவர்கள் குறைவு. பயணத்துக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டால் ஆண்டுக்கு 4,000 பவுண்டு பயிற்சியாளர் வேலை என்று அவரிடம் முன்னதாகவே ஆசை காட்டப்பட்டிருந்தது. செப்டம்பர் 16 அன்று டாம் கார்ட்ரைட் காயத்தால் விலக, டி ஒலிவெரா சேர்க்கப்பட்டார். மறுநாளே ப்ளூம்ஃபோன்டெயினில் பிரதமர் ஃபோர்ஸ்டர், இது எம்சிசியின் அணியே இல்லை, இனஒதுக்கல் எதிர்ப்பாளர்களின் அணி என்று முழங்கினார். 24ஆம் தேதி பயணம் ரத்து. எதிரணியில் யார் ஆடலாம் என்பதையும் நாங்களே முடிவு செய்வோம் என்று ஒரு அரசு வெளிப்படையாகச் சொன்ன பிறகு, ‘விளையாட்டில் அரசியல் வேண்டாம்’ என்ற வாதத்துக்குக் காலே இல்லை.

1970 கோடையில் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்து வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் வந்த ரக்பி அணியின் ஒவ்வொரு ஆட்டமும் போராட்டக்காரர்களால் போர்க்களமானது. ரக்பி 80 நிமிடம். கிரிக்கெட் ஐந்து நாள், ஆளில்லா இரவுகளில் திறந்து கிடக்கும் பிட்ச். ஒரு மண்வெட்டி போதும். பீட்டர் ஹெய்ன் தலைமையிலான இயக்கத்தின் பலம் இந்த எளிய கணக்கில்தான் இருந்தது. உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் காலஹன் கேட்டுக்கொள்ள, மே மாதம் பயணம் ரத்தானது.

அடுத்து ஆஸ்திரேலியா. 1971 ஏப்ரல் 3 அன்று நியூலேண்ட்ஸில் பயணத் தேர்வுக்கான ஆட்டம். ப்ராக்டர் ஒரு பந்து வீசினார், ரிச்சர்ட்ஸ் தட்டிவிட்டார், பிறகு இரு தரப்பு ஆட்டக்காரர்களும் களத்தை விட்டு வெளியேறி, தகுதி ஒன்றே அளவுகோலாக வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். அணியில் வெள்ளையர் அல்லாத இருவரைச் சேர்க்க வெள்ளையர் சங்கம் அனுமதி கேட்டு, ஃபோர்ஸ்டர் மறுத்திருந்தார். இதில் அதிகம் பேசப்படாத பகுதி, சாக்பாக்கும் அந்த யோசனையை ஏற்கவில்லை என்பது. கண்துடைப்புக்கு இரண்டு இடம் எங்களுக்கு வேண்டாம் என்றது. செப்டம்பரில் டான் பிராட்மேன் தலைமையிலான ஆஸ்திரேலிய வாரியம் அழைப்பைத் திரும்பப் பெற்றது.

அதன் பிறகு சாத்துவதற்குப் பெரிய கதவு எதுவும் மிச்சமில்லை. 1974இல் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த இந்திய டென்னிஸ் அணி, டேவிஸ் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்காவோடு ஆட மறுத்துக் கோப்பையையே விட்டுக்கொடுத்தது. 1977இல் தென்னாப்பிரிக்காவோடு விளையாட்டுத் தொடர்பைத் தவிர்க்க காமன்வெல்த் தலைவர்கள் செய்த கிளெனீகிள்ஸ் ஒப்பந்தம். 1981 பிப்ரவரியில், தென்னாப்பிரிக்காவில் ஆடிப் பழக்கமுள்ள ராபின் ஜேக்மன் இங்கிலாந்து அணியில் இருந்ததால் கயானா அரசு அவரை வெளியேற்ற, ஜார்ஜ்டவுன் டெஸ்டே நடக்கவில்லை.

ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? வசதியும் தொடர்பும் இருந்தவர்கள் வெளியேறினார்கள். டோனி கிரேக் இங்கிலாந்துக்கே கேப்டனானார். ஆலன் லேம்ப், ராபின் ஸ்மித் அங்கே. கெப்ளர் வெசல்ஸ் ஆஸ்திரேலியாவில். மற்றவர்கள் உள்ளூர் கர்ரி கோப்பையிலும் இங்கிலாந்தின் கவுன்ட்டி ஆட்டங்களிலும் உழைத்தார்கள். ஆஸ்திரேலிய ஊடக முதலாளி கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய தொடரில் ரிச்சர்ட்ஸும் ப்ராக்டரும் ஆட முடிந்தது. பொல்லாக் ஆஸ்திரேலியா வரை போயும் ஆட முடியவில்லை. கவுன்ட்டியில் ஏற்கெனவே எல்லா நாட்டவரோடும் ஆடியவர்கள் மட்டும் சரி என்பது மேற்கிந்தியத் தரப்பின் நிபந்தனை. பொல்லாக் கவுன்ட்டி ஆடியதில்லை.

இணைந்ததும் பிரிந்ததும்

1977இல் வெள்ளையர் சங்கமும் சாக்பாக்கும் கறுப்பர் சங்கமும் சேர்ந்து தென்னாப்பிரிக்க கிரிக்கெட் யூனியன் ஆனது. ரஷீத் வராச்சியா முதல் தலைவர். வெளியுலகம் மெச்சும் என்று எதிர்பார்த்தார்கள். களத்தில் நடந்தது வேறு. சனிக்கிழமை மதியம் வெள்ளையர் கிளப்பில் ஒன்றாக ஆடிவிட்டு, மாலை ஒருவர் தோட்டம் வைத்த பங்களாவுக்கும் இன்னொருவர் வெளியேற்றப்பட்டவர்களுக்கான குடியிருப்புக்கும் திரும்பினார்கள். அசாதாரணமான சமூகத்தில் சாதாரண விளையாட்டு சாத்தியமில்லை என்ற, சாக்பாக்கின் முன்னாள் தலைவர் ஹசன் ஹோவாவின் வாதம் இங்கேதான் வலுப்பெற்றது. இணைப்பை ஏற்காதவர்கள் அவர் தலைமையில் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வாரியமாகப் பிரிந்தார்கள். கட்டுப்பாடு கடுமையானது: யூனியன் நடத்தும் ஆட்டத்தில் ஆடியவருக்கு இங்கே இடமில்லை. இதற்கு அந்தத் தரப்பு ஆட்டக்காரர்கள் கொடுத்த விலை பெரிது. வின்சென்ட் பார்ன்ஸ் என்ற வேகப்பந்து வீச்சாளர் 12க்கும் குறைந்த சராசரியில் 300க்கு மேல் விக்கெட் எடுத்தார். அப்போது எந்தப் பதிவேட்டிலும் அவை முதல்தர விக்கெட்டாக ஏறவில்லை.

பணம் கொடுத்து வாங்கிய எதிரணிகள்

அழைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்று உறுதியானதும், யூனியன் ஆள்பிடிக்கத் தொடங்கியது. செயல்முறை ஏறக்குறைய ஒன்றுதான். ரகசியமாகத் தனித்தனி ஆட்டக்காரரிடம் பேசுவார்கள். வாரியம் மோப்பம் பிடிப்பதற்குள் விமானம் ஏற்றிவிடுவார்கள். செலவைப் பெரிய நிறுவனங்கள் ஏற்கும்; விளையாட்டு ஆதரவுக்கு அரசு தந்த தாராள வரிச்சலுகையால் அந்தச் செலவில் கணிசமான பங்கு கடைசியில் கஜானாவின் தலையிலேயே விழும். ஆக ‘தனியார்’ பயணம் என்பது பெயருக்குத்தான்.

1982 மார்ச்சில் கிரஹாம் கூச் தலைமையில் ஆங்கிலேயர் 15 பேர். பாய்காட், அண்டர்வுட், நாட் உட்பட. தண்டனை மூன்றாண்டுத் தடை.

அதே ஆண்டின் பிற்பகுதியில் போன இலங்கை அணியின் கதை இன்னும் கசப்பானது. இலங்கை தன் முதல் டெஸ்டைக் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் ஆடியது 1982 பிப்ரவரியில். அதில் கேப்டன், முதல் பந்தைச் சந்தித்தவர், நாட்டுக்கு முதல் டெஸ்ட் ரன் எடுத்தவர் மூவரும் பந்துல வர்ணபுர. எட்டு மாதத்தில் அவரே, டோனி ஒபாத திரட்டிய ‘அரோசா’ அணியின் தலைவராகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். முதல் டெஸ்ட் ஆடிய 11 பேரில் நான்கு பேர் அந்த அணியில். இலங்கை வாரியம் 25 ஆண்டுத் தடை விதித்தது. அப்போதுதான் டெஸ்ட் தகுதி பெற்ற நாடு, மற்ற ஆசிய நாடுகளின் ஆதரவை இழக்க முடியாத நிலை. கடுமைக்கு அதுவும் ஒரு காரணம். தடை பின்னர் விலக்கப்பட்டது. ஆனால் ஒரு தலைமுறை அனுபவத்தை இலங்கை தன் முதல் ஆண்டிலேயே இழந்துவிட்டது. களத்தில் அந்த அணி வலுவான எதிராளிக்கு ஈடுகொடுக்கவே இல்லை.

ஈடுகொடுத்தது 1983 ஜனவரியில் வந்த மேற்கிந்திய அணி. ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், மார்ஷல் இருக்கும்போது சில்வெஸ்டர் கிளார்க் போன்ற ஒரு பயங்கர வேகம் தேசிய அணியின் வெளியே காத்திருந்தது. உள்ளூரில் சம்பளம் சொற்பம். லட்சம் டாலர் அளவில் ஒப்பந்தம் நீட்டினார்கள். லாரன்ஸ் ரோ தலைமையில் காலிச்சரண், கிராஃப்ட், கோலிஸ் கிங், டேவிட் மர்ரே போனார்கள். இரண்டாவது பருவத்தில் ‘டெஸ்ட்’ தொடரை 2–1 என வென்றும் காட்டினார்கள். அரசு இவர்களைக் ‘கௌரவ வெள்ளையர்’ என்று வகைப்படுத்தியிருந்தது. அந்தக் கௌரவத்தோடு வெள்ளையர் ரயில் பெட்டியில் ஏறிய கிராஃப்ட் இறக்கிவிடப்பட்டார். ஊர் திரும்பியபோது வாழ்நாள் தடை, அதைவிட வலித்த சமூக விலக்கு. ஜமைக்காவின் ரிச்சர்ட் ஆஸ்டின் கடைசியில் கிங்ஸ்டன் தெருக்களில் வாழ்ந்தார். 1989இல் தடை நீங்கிய பிறகு டெஸ்ட் ஆட முடிந்தவர் எஸ்ரா மோஸ்லி.

1985–87இல் கிம் ஹியூஸின் ஆஸ்திரேலியர்கள் இரண்டு பருவம் ஆடினார்கள். அதற்குள் இந்த ஏற்பாட்டின் ஓட்டைகள் தெரிந்துவிட்டன. வருகிறவர்கள் ஓய்வை நெருங்கியவர்களோ அணியில் இடமில்லாதவர்களோதான். ஒரே முகங்கள் இரண்டாவது முறை வந்தால் கூட்டம் குறையும். 1985இல் தென்னாப்பிரிக்க நாணயமான ராண்ட் சரிந்ததும் வெளிநாட்டு நாணயத்தில் பேசிய சம்பளம் எகிறியது. ஆட்டங்களுக்கு அந்தஸ்தும் இல்லை, தொடர்ச்சியும் இல்லை.

கடைசிப் பயணம் 1990 ஜனவரியில், மைக் கேட்டிங் தலைமையில். இதற்கு முந்தைய அணிகளுக்கு இல்லாத ஒன்று இப்போது எதிரே நின்றது: ஊர்வலம் போக அனுமதி பெற்ற, அமைப்பாகத் திரண்ட மக்கள். கிம்பர்லி, ப்ளூம்ஃபோன்டெயின், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று ஆட்டம் நடந்த ஊரெல்லாம் போராட்டம். ஜோகன்னஸ்பர்க் ஹோட்டலில் பணியாளர்கள் சேவை செய்ய மறுத்தார்கள். பிப்ரவரி 2 அன்று அதிபர் டி கிளர்க் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மீதான தடையை நீக்கினார். 11ஆம் தேதி மண்டேலா வெளியே வந்தார். இடைப்பட்ட நாட்களில் வாண்டரர்ஸில் ஒரு ‘டெஸ்ட்’ நடந்துகொண்டிருந்தது என்பதே அந்தப் பயணம் எவ்வளவு தப்பான நேரத்தில் வந்தது என்பதற்குச் சாட்சி. அப்போது யூனியனின் நிர்வாகியாக இருந்த அலி பேக்கர் பேச்சுவார்த்தைக்கு வந்து, பயணத்தைச் சுருக்கினார். திட்டமிட்ட இரண்டாவது பயணம் கைவிடப்பட்டது.

திரும்பி வந்தவர்கள் எவ்வளவு தயார்?

ஸ்டீவ் ஷ்வெடே என்ற முன்னாள் ராபன் தீவுக் கைதியின் மத்தியஸ்தத்தில் யூனியனும் வாரியமும் 1991 ஜூன் 29 அன்று ஒன்றாயின. ஜூலையில் இந்தியா முன்மொழிய ஐசிசி சேர்த்துக்கொண்டது. நவம்பர் 10 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் முதல் ஒருநாள் ஆட்டம்: 42 வயது கிளைவ் ரைஸ் கேப்டன், ஆலன் டொனால்ட் 29 ரன்னுக்கு 5 விக்கெட், இந்தியாவுக்கு மூன்று விக்கெட் வெற்றி. 1992 உலகக் கோப்பையின் நடுவில், மார்ச் 17 அன்று, இனஒதுக்கலை முடிக்கும் சீர்திருத்தம் தொடர வேண்டுமா என்று வெள்ளையர் மட்டும் வாக்களித்த பொதுவாக்கெடுப்பு நடந்தது. ‘வேண்டாம்’ வென்றிருந்தால் அரையிறுதிக்கு அணி இருந்திருக்குமா என்பதே சந்தேகம். 13 பந்தில் 22 ரன் என்பது மழைக்குப் பின் ஒரே பந்தில் எட்டமுடியாத இலக்காகிய அந்த சிட்னி அரையிறுதி எல்லோருக்கும் தெரியும்.

ஒதுக்கலின் ஆட்டச் சேதத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம், அடுத்த மாதம் பிரிட்ஜ்டவுனில் நடந்த டெஸ்ட். வெசல்ஸைத் தவிர பத்துப் பேருக்கும் அறிமுக டெஸ்ட். ஆண்ட்ரூ ஹட்சன் 163 எடுத்தார். இலக்கு 201, கடைசி நாள் காலை 2 விக்கெட்டுக்கு 122. இன்னும் 79 ரன்தான். ஆம்ப்ரோஸும் வால்ஷும் எட்டு விக்கெட்டை 26 ரன்னுக்குள் எடுத்தார்கள். 148 ஆல் அவுட். திறமை குறைவில்லை. ஐந்தாம் நாள் தேய்ந்த பிட்ச்சில், எழும்பாத பந்தையும் சீறும் பந்தையும் மாறி மாறிச் சமாளிக்கும் பழக்கம் உள்ளூர் ஆட்டங்களில் வந்துவிடாது.

இந்தச் சேதம் சீக்கிரம் சரியானது. இரண்டே ஆண்டில் ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் அவர்கள் மண்ணில் தோற்கடித்தார்கள். சரியாக நேரம் பிடித்தது, வெள்ளையர் அல்லாதவர்கள் அணிக்குள் வருவது. 1992 நவம்பரில் டர்பனில் இந்தியாவுக்கு எதிராக, வெள்ளையர் அல்லாத ஓமர் ஹென்றி டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 40. அலி பேக்கர் 1986இல் கறுப்பர் குடியிருப்புப் பகுதிகளில் தொடங்கிய பயிற்சித் திட்டத்தை எதிர்த் தரப்பு அப்போது விளம்பரம் என்று சந்தேகித்தது. சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் அந்த வகைத் திட்டங்கள் ஒருமைப்பாட்டுக்குப் பின் விரிந்தபோதுதான் ம்டிங்கி கிராமத்துச் சிறுவன் மகாயா என்டினி கண்ணில் பட்டான். 1998 மார்ச்சில் கேப் டவுனில் இலங்கைக்கு எதிராக, தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் ஆடிய முதல் கறுப்பினத்தவரானார். 101 டெஸ்ட், 390 விக்கெட். அவர் உச்சத்தில் இருந்தபோது அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்தவர் வின்சென்ட் பார்ன்ஸ். பார்ன்ஸ் ஆடிய ஆட்டங்களுக்கு முதல்தர அந்தஸ்து, அவை நடந்து முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வழங்கப்பட்டது.